புறங்கைக்குத் தெரியாத வெயில்

திருகோணமலை டச்பேக் கரையில் வயர் நிக்கலஸைத் தெரியாத வள்ளக்காரர் இல்லை. மீன் காட்டும் கருவி கண்ணை மூடிக்கொண்டாலும், விளக்கு எரியாமல் போனாலும், பற்றறி நடுக்கடலில் காலை வாரிவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. பையில் நல்ல மீற்றர் ஒன்று கிடக்கிறது. ஆனால் மனுசன் அதை லேசில் வெளியே எடுக்கமாட்டார். முதலில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். மோட்டாரின் முதுகில், வயர் மூட்டில், சுவிட்சுப் பெட்டியின் மூடியில், எல்லாவற்றிலும் புறங்கைதான். ஏன் உள்ளங்கை இல்லை என்று கேட்டால், "கரண்ட் இருந்தா உள்ளங்கை பிடிச்சுக்கொள்ளும், விடாது. புறங்கை எண்டால் தானா விலகும்" என்பார்.

பதினைந்து வயதில் சீனன்குடாவில் ஒரு வேலைத்தலத்தில் வயர் இழுக்கப் போன காலத்தில் பழகிய பழக்கம் அது. பழுதாகப்போகிற எதுவும் முதலில் சூடாகும், சூட்டைப் பிடித்தால் பழுதைப் பிடித்த மாதிரி என்பது அவர் கண்டுபிடிப்பு. வள்ளக்கரையில் அது பலிக்கவும் செய்தது. சும்மா சொல்லக்கூடாது, பாதிப் பழுதுகளைக் கையை வைத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அதனால் தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் ஈயம் உருக்கி வயர் ஒட்டுகிற கோலோடு குந்திவிடுவார். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற பெட்டி செய்தார். அது நிரம்பாத நேரத்திலும் கத்தி அயலவனின் தூக்கத்தைக் கெடுத்தது. மழை வந்தால் கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்கச் சொல்லி அழைக்கிற மணி செய்தார். மனைவி எல்சி அதைப் பார்த்து, "எனக்கு வாயில்லையோ, காதில்லையோ? மழை பெய்தா எனக்கே தெரியும்" என்றாள். ஆனாலும் அந்த மணி ஐந்து வருடமாக அங்கேதான் தொங்குகிறது. அவள் கழற்றவில்லை.

எல்சி பாலையூற்றுப் பெண். தையல்காரி, கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. கலியாணம் கட்டிய நாளில் இருந்து பின்னேரம் ஐந்து மணிக்கு இரண்டு பேரும் கடற்கரைக்குப் போவார்கள். ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் தரையிலிருந்து வீசுகிற சூட்டுக் காற்றுக்கு இந்த ஊரில் கச்சான் என்று பெயர். நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். "கச்சானுக்குள்ள நிண்டு கச்சான் தின்னுறம்" என்று எல்சி ஒவ்வொரு முறையும் சொல்லுவாள், ஒவ்வொரு முறையும் தானே சிரிப்பாள். இரண்டு பேருக்கும் ஒரு கடதாசிச் சுருள்தான். கடைசிக் கொட்டை யாருக்கு என்பதில் இழுபறி நடக்கும். மகன் சுகந்தன் பிறந்து, வளர்ந்து, கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகும் அந்த ஐந்து மணி தப்பவில்லை.

தப்பியது ஆறு வருடத்துக்கு முன்னர். எல்சியின் இரண்டு கன்னத்திலும் சிவப்புப் படர்ந்தது. விரல் மூட்டுகள் வீங்கி ஊசி பிடிக்க ஏலாமல் போயிற்று. சீவினால் தலைமயிர் கொத்தாக வந்தது. தேமல் என்றார்கள், வாதம் என்றார்கள். கடைசியில் கிளினிக்கில் லூப்பஸ் என்றார்கள். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்து அடிக்கிற வருத்தமாம். "இது முழுசா மாறாது. ஆனா கட்டுப்படுத்தலாம். மருந்தை விடாதீங்கோ. முக்கியமா வெயில் படக்கூடாது" என்று டொக்டர் சொல்லி அனுப்பினார்.

வெயில் படக்கூடாது. இரண்டே சொல். நிக்கலஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வெயிலுக்குக் காவல்காரன் அவர்தான். மத்தியானம் எல்லா யன்னலும் சாத்தியாக வேண்டும். கச்சான் காலமோ இல்லையோ, பொழுது படும்வரை எல்சி படலையைத் தாண்டக்கூடாது. ஐந்து மணிக் கடற்கரையும் கோயில் பாட்டும் அத்தோடு போச்சு. அடைத்து வைத்தால் மனுசி வாடிப்போவாளே என்று அவருக்கும் விளங்காமல் இல்லை. அதற்காகத்தான் பழைய வள்ளத்துப் பலகையை இழைத்து, முற்றத்தில் கடலைப் பார்த்தபடி இருக்க ஒரு நீள வாங்கு செய்து போட்டார். காலையில் கடற்காற்றுக் குளிர்ச்சியாக வரும். மேகம் மூடிய மப்பு நாட்களில் ஒன்பது மணிக்கு நிக்கலஸ் வெளியே வந்து வாங்கின் பலகையில் புறங்கையை வைப்பார். மணலில் வைப்பார். பிறகு உள்ளே பார்த்து, "எல்சி, இண்டைக்கு வெயிலில்லை. குளிர்ந்துபோய்க் கிடக்கு. வந்து இரும்" என்று கூப்பிடுவார். மருந்தால் விரல் கொஞ்சம் இளகியிருந்ததால் அவள் தையலை எடுத்துக்கொண்டு வந்து பதினொரு மணிவரை இருப்பாள். மப்பு நாள் என்பதால் குடை வேண்டாம், தலைக்குச் சீலை வேண்டாம்.

ஆறு வருடம் இப்படித்தான் நடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள், "நிக்கலஸ் அண்ணையைப் போல ஒரு மனுசன் கிடைக்கக் குடுத்து வைக்கோணும்" என்றார்கள். அவருக்கும் அது உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் வருத்தம் அடங்கவில்லை. அடங்கினதுபோல் இருக்கும், பிறகு எழும்பும். மாத்திரையால் எல்சியின் முகம் ஊதிப்போனது. இந்த வருடம் ஆனி மாதக் கிளினிக்கில் சிறுநீரில் புரதம் போகிறது, சிறுநீரகத்தைத் தொடத் தொடங்கிவிட்டது என்றார்கள். புதிதாக வந்திருந்த இளம் பெண் டொக்டர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.

"மருந்து ஒழுங்கா எடுக்கிறீங்கள்தானே, அம்மா?"

"ஓம் டொக்டர். ஒரு நாளும் விட்டதில்லை."

"வெயிலுக்குப் போறதில்லையே?"

"வெயில் பக்கமே விடுறேல்லை, டொக்டர்" என்று நிக்கலஸ் முந்திக்கொண்டு சொன்னார். "நான் பொறுப்பு."

டொக்டர் யோசித்தார். வெயிலும் படவில்லை, மருந்தும் விடவில்லை என்றால் இந்த மருந்து மட்டும் இனிப் போதாது என்று அர்த்தம். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வார்டில் வைத்து நரம்பு வழியாகப் பாரமான மருந்து ஏற்றவேண்டும், அது உடம்பை நல்லாக வாட்டும், கிருமி தொற்றாமல் கவனமாக இருக்கவேண்டும் என்றார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பாரமான மருந்து ஏற்றி வந்து மூன்று மாதம் எழும்பாமல் கிடந்ததை எல்சி கண்டவள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள்.

"எல்லாத்தையும் விட்டனான். கடலை விட்டன், பாட்டை விட்டன். என்ன கண்டது? வார்டில போய்ப் படுக்கிறதுக்கு முந்தி ஒரு பின்னேரமாவது கடற்கரைக்குப் போகப்போறன்."

"இந்தக் கச்சான் வெயிலுக்கையோ? உமக்கென்ன விசரோ?"

"அஞ்சு மணிக்கு என்ன வெயில்?"

"வெளியில வந்து மணலில கையை வைச்சுப் பாரும். நெருப்பா எரியுது!"

"உங்கட கைக்குத் தெரியாதது உலகத்தில ஒண்டும் இல்லைத்தானே!" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தச் சொல் நிக்கலஸைச் சுட்டது. சரி, கையை நம்பாவிட்டால் கருவியை நம்புவாள்தானே என்று எண்ணினார். பின்னேர வெயில் எவ்வளவு பொல்லாதது என்று எண்ணாலேயே காட்டிவிட்டால் வாயடைத்துப்போவாள். அடுத்த நாளே கடைத்தெருவுக்குப் போனார்.

ஸெய்னுதீனின் கடையில் கருவிச் சாமான் எல்லாம் கிடைக்கும். கடைக்காரர் கேட்டார்: "அண்ணன், வெப்பம் அளக்கவா, யூவி அளக்கவா?"

"வெயில் அளக்க, நானா. ரெண்டும் ஒண்டுதானே?"

"ரெண்டுக்கும் வேற வேற சாமான் வருதே" என்று சொல்லி ஸெய்னுதீன் இரண்டு சின்னப் பைகளை மேசையில் வைத்தார். ஒன்றில் வெப்பமானி படம், மற்றதில் சூரியன் படம். நிக்கலஸ் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சூரியன் போட்டதைத் தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு வந்தார். யூவி என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் புறஊதாக் கதிர் என்று போட்டிருக்கிறதே, அதை அளக்கிற உணரி அது. விரல் நகத்தளவு, மூன்று கால். ஒரு கால் மின்சாரத்துக்கு, ஒரு கால் நிலத்துக்கு, மூன்றாவது காலில் கதிருக்கேற்ப மின்னழுத்தம் ஏறும். அதை ஆர்டுயினோ என்கிற கணினிப் பலகையில் பொருத்தி, ஒரு சின்னத் திரையையும் ஒட்டி, கணக்கை எழுதி ஏற்றினார். பூச்சியத்திலிருந்து மேலே போகப் போகத் தோலுக்குக் கேடு. மூன்றுக்கு மேல் கவனம், எட்டுக்கு மேல் ஆபத்து.

உப்புக் காற்றுக்குப் பழுதாகிவிடுமே என்று, சுவிட்சுப் பெட்டிகளுக்குப் போடுகிற தெளிவான பிளாஸ்டிக் மூடியால் மூடி, உச்சி வெயிலில் வைத்தார். திரை பூச்சியம் என்றது. தட்டிப் பார்த்தார். பூச்சியம். மண்டை பிளக்கிற வெயில், பூச்சியமாம்! கருவியைத் தூக்கிக்கொண்டு நேரே ஸெய்னுதீனிடம் போய்ச் சத்தம் போட்டார்.

ஸெய்னுதீன் கோபப்படவில்லை. கடை வாசலில் வைத்து மூடியை மட்டும் கழற்றினார். திரையில் எண் பதினொன்றுக்குத் தாவியது.

"அண்ணன், இந்த மூடி நம்மட கண்ணுக்குத்தான் கண்ணாடி. யூவிக்கு இது சுவர். கண்ணை நம்பி இதுக்குள்ள போகாதீங்க."

நிக்கலஸுக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது வருடமாக அந்த மூடிக்குள்ளால் பார்த்தவர் அவர். சிரித்துச் சமாளித்துக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலை மப்பு. எல்சி மாத்திரைக் களைப்பில் உள்ளே படுத்திருந்தாள். நிக்கலஸ் வழக்கம்போல வாங்கில் புறங்கையை வைத்தார். பலகை குளிர்ந்திருந்தது. முதலில் நல்ல இடத்து எண்ணைக் குறிப்போம், பிறகு ஐந்து மணியின் கெட்ட எண்ணைக் குறித்துப் பக்கத்தில் காட்டுவோம் என்று கருவியை வாங்கின்மேல் வைத்தார். மணி ஒன்பதரை.

ஆறு என்றது. பத்து மணிக்கு ஏழு.

"இதென்ன கோதாரி" என்று வாய்விட்டுச் சொன்னார். உணரியைச் சட்டை நுனியால் துடைத்தார். வயரை அசைத்துப் பார்த்தார். வீட்டுக்குள் கொண்டு போனார், பூச்சியம். குடைக்குக் கீழே பிடித்தார், இரண்டு. திரும்ப வாங்கில் வைத்தார், ஏழு. கருவியில் பிழை இல்லை.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கச்சான் அனலாக வீசிக்கொண்டிருந்தது. மணலில் புறங்கையை வைத்துச் சுருக்கென்று எடுத்தார். கருவியை அதே மணலில் வைத்தார்.

ஒன்று.

அவர் அங்கேயே குந்திவிட்டார்.

மூன்று நாள் அளந்தார். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரத்தையும் எண்ணையும் எழுதினார். மூன்று நாளும் ஒரே கதைதான். எல்சி கன்னம் தெரிய, கை தெரிய, குடையில்லாமல் இருந்த காலையில் ஆறு, ஏழு. யன்னல் சாத்தி அடைபட்டுக் கிடந்த பின்னேரத்தில் ஒன்று. டொக்டர் சொன்னது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை. அவர் காத்தது கைக்குத் தெரிந்த சூட்டை. மோட்டாருக்குப் பார்த்த வைத்தியத்தை மனுசிக்குப் பார்த்துவிட்டார். நஞ்சைக் கையால் ஊட்டிவிட்டு, நான் பொறுப்பு என்று டொக்டருக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தியவர் அவர். ஐயோ, எத்தனை காலை "வந்து இரும்" என்று கூப்பிட்டேன் என்று வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதார்.

எல்சியிடம் சொல்லவேண்டும். சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்த மப்பு நாள் அவள் தையலோடு வெளியே வந்தபோது வாங்கு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது.

"என்ன இது?"

"கால் உக்கிப்போச்சு. உள்ளுக்குள்ளயே இரும்."

உக்கவில்லை. ஆணியைப் பிடுங்கினது அவர்தான். எல்சி வாங்கையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். கிளினிக் நாள் நெருங்கியது. காலையில் சொல்லலாம், தேத்தண்ணி குடித்தபிறகு சொல்லலாம், ஓட்டோவில் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் இரண்டு பேரும் டொக்டரின் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தார்கள்.

புரதம் குறையவில்லை. கொஞ்சம் கூடியிருந்தது.

"வார்டில சேர்ந்து மருந்து ஏத்துறதுக்கு எழுதுறன், அம்மா" என்றார் டொக்டர். படிவத்தை எடுத்தார். பிறகு ஏதோ ஒப்புக்குக் கேட்பதுபோலக் கேட்டார்: "வெயிலுக்குப் போகேல்லைத்தானே?"

"இல்லை டொக்டர்" என்றாள் எல்சி. "இவர் விடமாட்டார்."

டொக்டரின் பேனை படிவத்தில் பெயரை எழுதத் தொடங்கியது. எல்சியின் வீங்கிய விரல்கள் மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்தன. நிக்கலஸ் எழும்பி நின்றார். ஏன் எழும்பினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"போனவ, டொக்டர்."

டொக்டர் நிமிர்ந்தார்.

"ஆறு வருசமாப் போனவ. நான்தான் கூப்பிட்டு இருத்தினனான்."

சட்டைப் பையிலிருந்து கலண்டர் தாளை எடுத்து மேசையில் விரித்தார். மப்பு, வாங்கு, புறங்கை, கச்சான் என்று எல்லாவற்றையும் குழறிக் குழறிச் சொல்லி முடித்தார். எல்சியின் பக்கம் அவர் திரும்பவேயில்லை. டொக்டர் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"நாங்கள் வெயில் எண்டு சொன்னது புறஊதாக் கதிரை" என்றார் மெதுவாக. "மப்புக்குள்ளாலயும் அது வரும். இதை ஆராவது உங்களுக்கு விளங்கப்படுத்தியிருக்க வேணும், ஐயா."

பேனையை மூடி வைத்தார். இப்போதைக்கு மருந்து ஏற்ற எழுதவில்லை, ஆறு கிழமைக்குக் கதிர் படாமல் இருந்து பார்ப்போம், இரண்டு கிழமைக்கு ஒரு தரம் சோதிப்போம் என்றார். கூடினால் ஏற்றத்தான் வேண்டும். "சிறுநீரகத்தில போனது போனதுதான். இனிப் போகாமப் பாப்பம்."

ஓட்டோவில் எல்சி வெளிப்பக்கம் திரும்பி இருந்தாள். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போனாள். நிக்கலஸ் சோற்றைத் தொடவில்லை. கருவியை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார். ஏசினால்கூட நல்லது என்று இருந்தது அவருக்கு.

ஐந்து மணிக்கு அறைக் கதவு திறந்தது. எல்சி நீலச் சேலை உடுத்திருந்தாள், தலைக்குச் சீலை கட்டியிருந்தாள். கச்சான் முகத்தில் அடித்தது.

"எத்தினை?" என்று கேட்டாள்.

அவர் கருவியை முற்றத்தில் நீட்டினார். "ஒண்டு."

"அதைக் கேக்கேல்லை. எத்தினை பின்னேரம் போச்சு?"

அவருக்குத் தெரிந்திருந்தது. அளந்து பார்த்த நாளிலிருந்து அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். "ரெண்டாயிரத்துக்கு மேல."

எல்சியின் கண் நிறைந்தது. துடைக்கவில்லை. படலையைத் திறந்துகொண்டு நடந்தாள். அவர் குடையும் கருவியுமாகப் பின்னால் போனார். கடற்கரை மணலில் கால் வைக்க முன்னர், பழக்கதோசம், குனிந்து புறங்கையை மணலில் வைக்கப் போனார்.

"கையை எடுங்கோ" என்றாள் எல்சி, திரும்பிப் பாராமலே. "அதைப் பாத்துச் சொல்லுங்கோ."

கையை எடுத்தார். திரையைப் பார்த்தார். "ஒண்டுதான், எல்சி."

அவள் செருப்பைக் கழற்றினாள். சுடுகிற மணலில் வெறுங்காலோடு இறங்கி, ஆறு வருடத்துக்குப் பிறகு தண்ணீர் விளிம்புவரை போனாள். கச்சான் விற்பவரின் வண்டி பழைய இடத்திலேயே நின்றது. நிக்கலஸ் ஒரு சுருள் கேட்டுக் கையை நீட்டினார்.

"ரெண்டு வாங்குங்கோ" என்று எல்சியின் குரல் வந்தது. "என்ரையை நான் தனியத் தின்னுறன்."

அவர் இரண்டு சுருள் வாங்கினார். ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றார்.